விளக்கு சொல்லும் சாட்சி
உட்பதித்த கணினிகளில் குறிகாட்டி விளக்குகளும் கெர்னல் இயக்கிகளும்

(பல்தொழில்நுட்பப் பயிலக மாணவர்களும் ஊரக வளர்ச்சி அலுவலர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில், காணிப்பாக்கத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் உருவாவதற்கு முன், இப்பகுதியின் பெரும்பகுதி வடஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசப்படுகின்ற இம்மண்ணில், தமிழில் ஒரு தொழில்நுட்ப உரை நிகழ்த்த வாய்ப்பளித்தமைக்கு என் நன்றி உரியது.

காணிப்பாக்கம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கிணற்றுக்குள் எழுந்தருளியுள்ள வரசித்தி விநாயகர். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் குலோத்துங்க சோழன் இக்கோயிலை எழுப்பினான் என்பது தல வரலாறு. இங்கு நெடுங்காலமாக நிலவிவரும் மற்றொரு வழக்கமும் உண்டு. வழக்கோ சச்சரவோ ஏற்பட்டால், திருக்குளத்தில் நீராடி, ஈரத்துணியுடன் விநாயகர் முன் நின்று சத்தியம் செய்வார்கள். இங்கு பொய்ச் சத்தியம் செய்ய எவரும் துணியார் என்பது மக்களின் நம்பிக்கை. சாட்சி கூறுபவர் தாம் கண்டதைக் கூறவேண்டும். கேள்விப்பட்டதையோ, நடந்திருக்கும் என ஊகித்ததையோ கூறலாகாது என்பதே அந்த வழக்கத்தின் உட்பொருள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு கருவியின் முகப்பில் மினுக்கும் கடுகளவு விளக்கு அது. அந்த விளக்கும் ஒரு சாட்சிதான். கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியே இருப்பவருக்கு அது சத்தியம் செய்து கூறுகிறது. அந்தச் சத்தியம் மெய்யாவதும் பொய்யாவதும் எங்கே முடிவாகிறது? அந்த விளக்கை ஆளும் நிரலை எழுதுபவரின் மேசையில் முடிவாகிறது. இதுவே இவ்வுரையின் சாரம்.

மூன்று விளக்குகளும் ஒரு கிணறும்

இம்மாவட்டத்து உழவர் எவரும் நன்கறிந்த ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று விளக்குகள் வரிசையாக இருக்கும். மூன்றும் எரிந்தால் மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று பொருள். ஒன்று எரியாவிட்டால் ஒரு முனை இல்லை. அந்நிலையில் மோட்டாரை ஓடவிட்டால் சுருள் கருகிவிடும். எழுத்தறியாத உழவரும் இம்மூன்று விளக்குகளைப் படிக்கிறார். தம் முதலீட்டைக் காத்துக்கொள்கிறார்.

ஆயினும் அவ்விளக்குகள் எதற்குச் சாட்சி? கம்பியில் மின்சாரம் வந்திருப்பதற்கு மட்டுமே. மோட்டார் சுழல்கிறது என்பதற்கு அவை சாட்சியல்ல. நீர் மேலேறுகிறது என்பதற்கும் சாட்சியல்ல. உழவர் இதை அறிவார். அதனால்தான் விளக்கைப் பார்த்த பிறகு குழாயின் வாயையும் பார்க்கிறார்.

இப்போது கிணற்றின் அருகில் ஆள் இல்லாத நிலையை எண்ணிப் பாருங்கள். கைப்பேசியால் இயக்கப்படும் ஸ்டார்ட்டர்கள் பரவியுள்ளன. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் ஊரகக் குடிநீர்த் திட்டங்களில் உணர்விகளைப் பொருத்திக் கண்காணிக்கும் முயற்சிகளும் மேற்கொள்ளப்பட்டன. ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு நீரேற்றும் ஒரு கூடத்தில் சிறு கணினி ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் ‘மோட்டார் ஓடுகிறது’ என்று எழுதிய பச்சை விளக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி மோட்டாரை இயக்க ரிலேவுக்கு ஆணையிடுகிறது. அதே நொடியில் பச்சை விளக்கையும் ஏற்றுகிறது. ரிலே, கான்டாக்டருக்கு ஆணையைக் கடத்தவேண்டும். கான்டாக்டரின் காயில் கருகியிருக்கிறது. மோட்டார் ஓடவில்லை. பச்சை விளக்கோ அமைதியாக எரிந்துகொண்டிருக்கிறது. ஊர்ப் பெண்கள் குடங்களுடன் வந்து நிற்கும்போதுதான் உண்மை வெளிப்படும்.

விளக்கு பொய் சொன்னதா? ஆணை இடப்பட்டது என்பதை அது சரியாகவே கூறிற்று. ஆணை நிறைவேறியது என்று நாம் படித்துக்கொண்டோம். இந்த இடைவெளியே ஆபத்தின் பிறப்பிடம்.

உலகம் கற்ற பாடம்

இது கிராமத்துச் சிறு குறை என்று எவரும் எண்ணிவிடலாகாது. 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் விடியற்காலை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் விபத்து நேர்ந்தது. மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றத் திறந்த வால்வு ஒன்று, மீண்டும் மூடிக்கொள்ளாமல் சிக்கிக்கொண்டது. குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கென ஒரு விளக்கு இருந்தது. வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் செல்கிறதா என்பதை மட்டுமே அது காட்டியது. சுருளுக்கு மின்சாரம் நின்றது, விளக்கு அணைந்தது, வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் கருதினர். இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக அந்தக் கருத்து மாறவில்லை. அணு உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகிற்று.

அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. பயிற்சிக் குறையும் உண்டு, பராமரிப்புக் குறையும் உண்டு. எனினும், ஆணையைக் காட்டும் விளக்கை விளைவைக் காட்டும் விளக்காகப் படித்தது அவற்றுள் முதன்மையான ஒன்று. நம் ஊராட்சிப் பச்சை விளக்கும் அந்த அணுமின் நிலைய விளக்கும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

விளக்குக்கும் நிரலுக்கும் இடையே

இனி, அந்த விளக்கு எவ்வாறு எரிகிறது என்பதைக் காண்போம். 1962-ஆம் ஆண்டு நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு ஒளி தரும் ஒளி உமிழ் டயோடைச் செய்து காட்டினார். நாம் எல்.இ.டி. என வழங்குவது இதுவே. சில்லுவின் கால் ஒன்றிலிருந்து 3.3 வோல்ட் வருகிறது. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். இடையில் 330 ஓம் தடையை வைத்தால், எஞ்சிய 1.3 வோல்ட்டால் ஏறக்குறைய 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். ஒரு குறிகாட்டிக்கு அது போதும்.

சில்லுவின் காலில் மின்னழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரு பதிவகத்தில் உள்ள ஒற்றை இருமத்தின் வேலை. அங்கு 1 எழுதினால் விளக்கு எரியும். 0 எழுதினால் அணையும். சில பலகைகளில் இது தலைகீழாக இருக்கும். 0 எழுதினால்தான் எரியும். மிகச் சிறிய கருவிகளில் இயக்க முறைமை என்று தனியாக எதுவும் இராது. ஒரே நிரல்தான் ஓடும். அதுவே பதிவகத்தில் நேரடியாக எழுதிவிடும். பல ஸ்டார்ட்டர் கருவிகள் இவ்வகையின.

பல பணிகளை ஒருங்கே செய்யும் கருவிகளில் நிலைமை வேறு. பல கிணறுகளின் செய்திகளைத் திரட்டி மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுப்பும் பெட்டியில் பெரும்பாலும் லினக்ஸ் ஓடும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த இவ்வியக்க முறைமையின் உட்கருவே கெர்னல் எனப்படுவது. வன்பொருளைத் தொடும் உரிமை கெர்னலுக்கே உண்டு. சாதாரண நிரல்கள் அதனிடம் விண்ணப்பிக்கவேண்டும். ஒவ்வொரு வன்பொருளுக்கும் அந்த விண்ணப்பத்தை ஏற்று நிறைவேற்றும் பகுதி, இயக்கி. அலுவலக நடைமுறையோடு ஒப்பிட்டால், கருவூலத்தில் எவரும் நேரே கைவைக்க முடியாது. உரிய அலுவலர் வழியேதான் பணம் வெளியே வரும். அந்த அலுவலரே இயக்கி.

ஒரு விளக்கை ஏற்ற இத்தனை ஏற்பாடு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். இரண்டு நிரல்கள் ஒரே விளக்கை ஆள முற்பட்டால், ஒன்று ஏற்ற மற்றொன்று அணைக்கும். யார் சொன்னது உண்மை என்பது எவருக்கும் தெரியாது. சாட்சிக்கு ஒரே பொறுப்பாளர் இருக்கவேண்டும். அதற்காகவே இந்த ஏற்பாடு.

லினக்ஸ் கெர்னலில் எல்.இ.டி.களுக்கெனத் தனி வகுப்பு 2006-ஆம் ஆண்டு, 2.6.17 பதிப்பில் இடம்பெற்றது. ஜான் லென்ஸ் தொடக்கப்பணி செய்ய, ரிச்சர்ட் பர்டி அதை வளர்த்து முழுமையாக்கினார். அதன்பின் ஒவ்வொரு விளக்கும் கணினிக்குள் ஓர் அடைவாகத் தோன்றலாயிற்று. ‘சிஸ்’ என்னும் அடைவுக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘லெட்ஸ்’ என்று சென்றால், கருவியிலுள்ள எல்லா விளக்குகளும் பெயருடன் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ‘பிரைட்னஸ்’ என்று ஒரு கோப்பு. அதில் ஓர் எண்ணை எழுதினால் விளக்கு எரியும். ‘டிரிகர்’ என்று மற்றொரு கோப்பு. எந்த நிகழ்ச்சியால் விளக்கு தானே தூண்டப்படவேண்டும் என்பதை அதில் எழுதலாம்.

எந்த விளக்கு எந்தக் காலில் இணைக்கப்பட்டுள்ளது, அதன் நிறம் என்ன, பணி என்ன, 0 எழுதினால் எரியுமா 1 எழுதினால் எரியுமா என்பவற்றையெல்லாம் ‘சாதன மரம்’ எனப்படும் விவரக்குறிப்பில் எழுதிவைப்பார்கள். பலகையை மாற்றினால் அக்குறிப்பை மாற்றினால் போதும். இயக்கியை மாற்ற வேண்டியதில்லை. ஆனால், தலைகீழ் இணைப்பைக் குறிக்க மறந்தால், பழுது நேரும்போது அணைந்தும் நலமாக இருக்கும்போது எரிந்தும் சிவப்பு விளக்கு நம்மை ஏமாற்றும். ஒரு சொல் விடுபட்டதால் சாட்சி தலைகீழாகிறது.

கெர்னலுக்குள் ஒளிந்திருக்கும் நான்கு பொறிகள்

மாணவர்கள் இப்பகுதியைக் கூர்ந்து கவனிக்கவேண்டும்.

முதலாவது, திரும்பப் படித்தல். ‘பிரைட்னஸ்’ கோப்பைப் படித்தால் விளக்கின் நிலை தெரியும் என்று எண்ணுகிறோம். வன்பொருளை வினவும் செயற்கூறு இயக்கியில் எழுதப்பட்டிருந்தால்தான் அது மெய். எழுதப்படாவிடில், கடைசியாக நாம் எழுதிய எண்ணையே கெர்னல் நமக்குத் திருப்பித் தரும். நாம் இட்ட ஆணையை நாமே படித்து, நடந்துவிட்டது என மகிழ்கிறோம். திரீ மைல் தீவின் பிழை இங்கே ஒரு கோப்புக்குள் குடிகொண்டிருக்கிறது.

இரண்டாவது, இதயத் துடிப்பு. ‘ஹார்ட்பீட்’ என்னும் தூண்டலைத் தேர்ந்தெடுத்தால் விளக்கு இதயம்போல் இரட்டைத் துடிப்பாக மினுக்கும். கணினியின் பணிச்சுமை ஏற ஏறத் துடிப்பு விரையும். அழகிய ஏற்பாடுதான். ஆயினும் அது கெர்னல் உயிரோடு இருப்பதற்கு மட்டுமே சாட்சி. மோட்டாரை ஆளும் நிரல் செத்துக் கிடந்தாலும் கெர்னல் துடித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் விளக்கெரிகிறது, வீட்டுக்காரர் இல்லை.

மூன்றாவது, வன்பொருள் மினுக்கம். கெர்னலின் சுமையைக் குறைப்பதற்காக, மினுக்கும் வேலையை விளக்கின் கட்டுப்பாட்டுச் சில்லுவிடமே ஒப்படைக்கும் வசதி சில இயக்கிகளில் உண்டு. ஒருமுறை சொல்லிவிட்டால் சில்லு தானே மினுக்கிக்கொண்டிருக்கும். மின்சாரம் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் கெர்னலே உறைந்து போனாலும் அந்த மினுக்கம் நிற்காது. உயிரைக் காட்டவேண்டிய விளக்குக்கு இந்த வசதியைப் பயன்படுத்துவது பெரும் பிழை.

நான்காவது, காத்திருக்கும் இயக்கி. விளக்கு சில்லுவின் காலில் நேரடியாக இல்லாமல், இரண்டு கம்பிகள் கொண்ட ஐ.டூ.சி. தடத்தின் மறுமுனையில் இருக்கலாம். அத்தடத்தில் செய்தி அனுப்பக் காத்திருக்க நேரும். குறுக்கீட்டைக் கையாளும் நேரத்தில் கெர்னல் காத்திருக்கக் கூடாது. அதனால் அவ்வகை இயக்கி, வேலையைப் பின்னர் செய்யுமாறு ஒரு பணிவரிசையில் சேர்த்துவிடும். ஆணைக்கும் ஒளிக்கும் இடையே காலம் கடக்கும். தடம் பழுதானால் ஒளி வராமலே போகும். ஆணையிட்ட நிரலுக்கு அது தெரியாமலும் போகலாம்.

மெய் சொல்லும் விளக்கை அமைக்கும் முறை

பொறிகளைக் காட்டிவிட்டு வழியைக் காட்டாமல் விடுவது முறையன்று. நம் நீரேற்றுக் கூடத்தின் பச்சை விளக்குக்கே திரும்புவோம்.

கெர்னலில் ‘ஜி.பி.ஐ.ஓ.’ என்னும் தூண்டல் இருக்கிறது. ஓர் உள்ளீட்டுக் காலில் வரும் மாற்றத்தைப் பின்பற்றி விளக்கை அது ஏற்றும், அணைக்கும். நீர்க்குழாயில் நீர் பாய்ந்தால் மூடிக்கொள்ளும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, அதை அந்த உள்ளீட்டில் இணைத்துவிட்டால், பச்சை விளக்கு நீருக்குச் சாட்சியாகிவிடும். மோட்டாருக்கு ஆணையிட்ட நிரலுக்கும் அவ்விளக்குக்கும் தொடர்பே இராது. ஆணையிடுபவர் ஒருவர், சாட்சி சொல்பவர் மற்றொருவர் என்ற நீதிமன்ற நெறி இங்கே கைகூடுகிறது.

ஆணையையும் காட்டவேண்டுமானால் அதற்கு வேறொரு மஞ்சள் விளக்கை வையுங்கள். மஞ்சள் எரிந்து பச்சை எரியாவிட்டால், ஆணை சென்றது, நீர் வரவில்லை என்பது பம்பு இயக்குபவருக்கு ஒரே பார்வையில் விளங்கும். காயில் கருகியதா, கிணறு வற்றியதா என்று அவர் தேடத் தொடங்கலாம்.

நிரல் உயிரோடு இருப்பதைக் காட்ட ‘ஒன்ஷாட்’ என்னும் தூண்டல் பொருத்தமானது. நிரல் ஒவ்வொருமுறையும் மின்னோட்டத்தையும் நீர்மட்டத்தையும் அளந்து முடித்தபின் ஒரு தட்டுத் தட்டவேண்டும். விளக்கு ஒருமுறை மட்டும் மினுக்கும். நிரல் நின்றால் தட்டும் நிற்கும், மினுக்கமும் நிற்கும். செய்து முடித்த வேலைக்கு ஒரு மினுக்கம் என்பதே கணக்கு.

கெர்னலே மீளமுடியாத பிழையில் வீழ்ந்தால் என்ன செய்வது? அதற்கென ஒரு விளக்கைச் சாதன மரத்தில் குறித்துவைக்கலாம். கெர்னல் வீழும் தருணத்தில், தன் இறுதிச் செயலாக அவ்விளக்கை மினுக்கச் செய்யும். மரண வாக்குமூலம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

இவ்வளவுக்கும் மேலாக, உயிரையோ தனிமையையோ காக்கவேண்டிய இடங்களில் மென்பொருளையே நம்பாமல் இருப்பது நல்லது. மடிக்கணினியின் ஒளிப்படக் கருவி இயங்கும்போது அருகில் ஒரு விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விளக்கை எரியவிடாமலே ஒளிப்படக் கருவியை இயக்க முடியும் என்பதை, ஒரு பழைய வகை மடிக்கணினியில், 2013-ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். ஒளிப்படக் கருவிக்குள் இருந்த நிரலை மாற்றியதே அவர்கள் கையாண்ட வழி. கருவிக்குச் செல்லும் மின்சாரமே விளக்கின் வழியாகச் செல்லுமாறு கம்பியை அமைத்திருந்தால் எந்த நிரலாலும் அதை ஏமாற்ற முடியாது.

நம் நாட்டில் கண்ட இரு சான்றுகள்

குறிகாட்டி விளக்கின் அருமையை நம் நாடு அறியாததல்ல. ஒவ்வொரு வீட்டிலுமுள்ள மின்னணு மின்மானியில் சிறு சிவப்பு விளக்கு மினுக்குவதைக் காணலாம். ஒரு யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று மானியில் அச்சிட்டிருந்தால், அதைக் கொண்டே மானியைச் சோதிக்கலாம். வீட்டில் மற்றவற்றை நிறுத்திவிட்டு 100 வாட் பல்பு ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். பத்து மணி நேரத்தில் ஒரு யூனிட்; ஒரு மணி நேரத்தில் 320 துடிப்பு; எனவே ஏறத்தாழ 11 நொடிக்கு ஒருமுறை விளக்கு மினுக்கவேண்டும். மின்வாரியச் சோதனையாளரும் இந்த மினுக்கத்தைத்தான் தம் கருவியால் எண்ணுகிறார். அளக்கும் சில்லுவே நேரடியாகத் தரும் துடிப்பாதலால் இதை நம்பலாம். சாமானியர் தாமே சோதித்துப் பார்க்கக்கூடிய சாட்சி என்பதே இதன் சிறப்பு.

மற்றொன்று மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். 1982-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் பரூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. வாக்காளர் பொத்தானை அழுத்தியதும் வேட்பாளர் பெயருக்கு அருகில் சிவப்பு விளக்கு எரியும், ஒலியும் எழும். விளக்கு இருக்கும் இடமே பொருளைச் சொல்வதால் எழுத்தறிவு தேவையில்லை. எனினும் காலப்போக்கில் அந்த ஒளி மட்டும் போதுமா என்ற வினா எழுந்தது. 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் தாளில் அச்சிட்டுக் காட்டும் கருவி சேர்க்கப்பட்டது. வாக்காளர் அத்தாளைக் கண்ணாடி வழியே சுமார் 7 நொடிகள் காணலாம். 2019-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் அது எல்லா வாக்குச் சாவடிகளிலும் இடம்பெற்றது. மக்களின் நம்பிக்கை சம்பந்தப்பட்ட இடத்தில் ஒரு சாட்சிக்கு இரண்டு சாட்சி என்று நாடு முடிவு செய்தது.

அலுவலர்களுக்குச் சில கருத்துகள்

இங்கு கூடியுள்ள அலுவலர்கள் கருவிகளை வடிவமைப்பவர்கள் அல்லர், வாங்குபவர்கள். ஆயினும் விளக்கின் உண்மை பெரும்பாலும் ஒப்பந்தப் புள்ளியின் வாசகத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. ‘மோட்டார் நிலையைக் காட்டும் விளக்கு இருத்தல் வேண்டும்’ என்று எழுதினால், எந்த விளக்கும் அந்த நிபந்தனையை நிறைவேற்றிவிடும். ‘குழாயில் நீர் பாயும்போது மட்டும் எரியும் விளக்கு’ என்று எழுதுங்கள். ஆணையா, விளைவா என்பதை ஒவ்வொரு விளக்குக்கும் வரையறுத்துவிடுங்கள்.

கருவியைத் தொடங்கும்போது எல்லா விளக்குகளும் சில நொடிகள் ஒருங்கே எரியவேண்டும் என்றும் கேளுங்கள். எரியாத விளக்குக்கு இரண்டு பொருள் உண்டு: நிகழ்ச்சி இல்லை என்பது ஒன்று, விளக்கே பழுது என்பது மற்றொன்று. தொடக்கச் சோதனை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். எந்தப் பழுதிலும் பச்சை மட்டும் தவறி எரியக் கூடாது என்பதும் நிபந்தனையாகட்டும்.

இத்தலத்துக் கிணற்றைத் தோண்டியவர்கள், கண் தெரியாதவர், காது கேளாதவர், வாய் பேசாதவர் என மூன்று சகோதரர்கள் என்பது மரபுக் கதை. ஊரில் எல்லாரும் எல்லா அறிவிப்பையும் ஒரே வகையில் பெறுவதில்லை என்பதை அக்கதை நினைவூட்டுகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் உள்ளனர். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், இடத்தாலும் மினுக்கத்தாலும் ஒலியாலும் செய்தி சொல்லவேண்டும்.

இன்னொன்று. லினக்ஸ் கெர்னல் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்படுவது. அதை வைத்துக் கருவி விற்பவர், கெர்னலின் மூலநிரலையும் கேட்போருக்குத் தரக் கடமைப்பட்டவர். சாதன மரத்தையும் இயக்கிகளின் மூலநிரலையும் துறையிடம் ஒப்படைக்குமாறு தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். விற்றவர் தொழிலை விட்டுப் போன பிறகும் கருவி ஊரில் இருக்கும்; அருகிலுள்ள பயிலக மாணவர் ஒருவரால் அதைப் பழுது நீக்க முடியும்.

மாணவர்களுக்கு

இப்பகுதியில் உங்களுக்கு வாய்ப்புகள் நிறைந்துள்ளன. ஸ்ரீசிட்டியிலும் திருப்பதியிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. திருப்பதியில் 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த ‘சக்தி’ செயலி 2018-இல் மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் முறையில் சில்லுவாக உருப்பெற்றது. சில்லு நம்முடையதாகும்போது, அதன் இயக்கிகளை எழுதும் பொறுப்பும் நம்முடையதாகிறது.

இயக்கி எழுதக் கற்பவர் எவரும் முதலில் எழுதுவது ஒரு விளக்கை மினுக்கும் இயக்கியைத்தான். அதை எளிய பயிற்சி என்று கடந்து சென்றுவிடாதீர்கள். எழுதி முடித்ததும் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இந்த விளக்கு எரியும்போது, எது நடந்தது என்று நான் சத்தியம் செய்கிறேன்?’ அந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுத முடியவில்லையென்றால் விளக்கு இன்னும் முடியவில்லை என்று பொருள். முடிந்தால் அந்த வாக்கியத்தை இயக்கியின் தலைப்பில் குறிப்பாக எழுதிவையுங்கள். பின்னர் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். நிரலைக் கொன்று பாருங்கள். கெர்னலை உறையவைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் விளக்கு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

குடத்துடன் காத்திருப்பவருக்குக் கெர்னல் தெரியாது, இயக்கி தெரியாது. பச்சை விளக்கு எரிந்தால் தண்ணீர் வரும் என்பது மட்டுமே தெரியும். அந்த நம்பிக்கையைக் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. காணிப்பாக்கத்தில் நின்று இதைச் சொல்வதால், சற்று அழுத்தமாகவே சொல்லிவிட்டேன்.